கூடத்தில் கொர்னேலியா: டெல்டா வீட்டில் ரோமாபுரிப் படம் மாட்டுவது எப்படி

முதலில் எந்தப் படம் என்று முடிவு செய்யுங்கள். பிரேம், ஆணி, விளக்கு எல்லாம் அப்புறம். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சோபாவுக்கு மேலே நாலடி காலியாகக் கிடக்கிறது, அதை நிரப்ப ஏதாவது வேண்டும் என்று கிளம்பி, இணையத்தில் 'ரோமன்' என்று தேடி, கண்ணில் பட்ட முதல் படத்தை அச்சடித்து மாட்டிவிடுவார்கள். ஆறு மாதம் போனால் அந்தச் சுவர்ப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கூடத்தில் மாட்டுகிற படம் பத்து இருபது வருஷம் நம்மோடு இருக்கப் போகிறது. "யாருப்பா இவங்க, என்ன நடக்குது இதுல?" என்று வீட்டுக்கு வந்த சித்தப்பா கேட்டால், காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற மாதிரி ஒரு கதை அதில் இருக்க வேண்டும். நியோகிளாசிக்கல் ஓவியங்களில் அந்தக் கதைக்குப் பஞ்சமே கிடையாது.

நியோகிளாசிக்கல் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். எரிமலைச் சாம்பலில் புதைந்து போன ஹெர்குலேனியத்தை 1738-இலும் பொம்பேயியை 1748-இலும் தோண்ட ஆரம்பித்தார்கள். பழைய ரோமர்களின் வீடு, சுவர்ச் சித்திரம், பாத்திரம் பண்டம் எல்லாம் வெளியே வர வர, ஐரோப்பிய ஓவியர்களுக்கு அந்தக் காலத்தின் மேல் பெரிய ஈர்ப்பு வந்தது. அலங்காரத்தைக் குறைத்து, கோட்டைத் தெளிவாக்கி, கல்லில் செதுக்கிய புடைப்புச் சிற்பம் போல ஆட்களை முன்னால் வரிசையாக நிறுத்தி, பின்னால் வெறும் சுவரோ தூணோ வைத்து வரைந்தார்கள். இதை நேரில் பார்க்க பாரிஸ் போக வேண்டியதில்லை. தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்தை ஒட்டி இருக்கிற சுவார்ட்ஸ் தேவாலயத்துக்குள் போய்ப் பாருங்கள். மரணப் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸ் பாதிரியாரின் கையைச் சரபோஜி மன்னர் பிடித்துக்கொண்டிருக்கும் பளிங்குச் சிற்பம் அங்கே இருக்கிறது. சரபோஜியே சொல்லிச் செய்வித்தது, செதுக்கியவர் ரோமாபுரியில் ஏழு வருஷம் தங்கிப் பழகிய ஜான் ஃபிளாக்ஸ்மன். அதன் முன்னால் கால்மணி நேரம் நின்றால் போதும். யாரும் அழுது புரளவில்லை, ஆனாலும் துக்கம் முழுசாக இருக்கிறது. நீங்கள் வாங்கப் போகிற படத்திலும் அந்த அடக்கம் இருக்கிறதா என்று பார்க்க உங்கள் கண் அங்கேயே பழகிவிடும்.

ரோமாபுரி நம் ஊருக்கு அந்நியம் என்றும் நினைக்க வேண்டாம். காவிரி கடலில் கலக்கும் புகாரில் யவனர் இருக்கை இருந்ததைச் சிலப்பதிகாரமே சொல்கிறது. பூம்புகார் கடற்கரையில் நின்றிருக்கிற எவருக்கும் ரோமாபுரிப் படத்தைக் கூடத்தில் மாட்ட இந்த ஓர் உறவு போதும்.

சரி, எந்தப் படம்? இந்த வகையில் மிகப் புகழ் பெற்றது ஜாக்-லூயி டேவிட் 1784-இல் ரோமாபுரியில் உட்கார்ந்து வரைந்த ஹொராட்டியர் சபதம். நடுவில் அப்பா மூன்று வாள்களை உயர்த்திப் பிடித்திருக்கிறார், இடது பக்கம் மூன்று பிள்ளைகள் கையை நீட்டிச் சபதம் செய்கிறார்கள், வலது பக்கம் பெண்கள் துவண்டு போய் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏனென்றால் இவர்கள் சண்டை போடப் போகிற எதிரி வீட்டில்தான் இந்தப் பெண்களில் ஒருத்தி பிறந்தாள், இன்னொருத்திக்கு அந்த வீட்டுப் பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சம்பந்தி வீட்டுச் சண்டை என்று சொன்னால் நம் ஆட்களுக்கு உடனே புரியும். அருமையான படம்தான். ஆனால் அசல் கிட்டத்தட்ட 14 அடி அகலம், 11 அடி உயரம். அரசாங்கத்துக்காக வரைந்தது, லூவரின் பெரிய சுவரில் இருப்பது. அதை மூன்றடிக்குச் சுருக்கினால் அந்த வாள்கள் பேப்பர் கத்தி மாதிரி ஆகிவிடும். கூடம் பெரிதாக, சுவர் உயரமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

அதே டேவிட் 1789-இல் வரைந்த புரூட்டஸ் படத்தில், தகப்பனே மரண தண்டனை விதித்த பிள்ளைகளின் சடலங்களைக் காவலர்கள் வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். பெஞ்சமின் வெஸ்ட் 1768-இல் வரைந்த அக்ரிப்பினா படத்தில் புருஷனின் அஸ்திக் கலசத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் துறைமுகத்தில் இறங்கி வருகிறாள். இரண்டுமே என்னை உலுக்கிய படங்கள். ஆனால் விளக்கேற்றுகிற வீட்டுக் கூடத்தில் பிணமும் அஸ்தியும் வேண்டாம் என்று பாட்டி சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளாதீர்கள். தினம் அதன் எதிரே உட்கார்ந்து பூத்தொடுக்கப் போவது அவர்தான். இந்தப் படங்களை உங்கள் படிக்கிற அறையில் வையுங்கள். டேவிட்டின் சபைன் பெண்கள் படத்தில் போர்வீரர்கள் உடம்பில் துணி இல்லாமல் நிற்கிறார்கள். அது உங்கள் வீட்டில் சரிப்படுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

என்னைக் கேட்டால் ஆஞ்செலிகா காஃப்மன் 1785 வாக்கில் வரைந்த கொர்னேலியா. 1768-இல் லண்டனில் ராயல் அகாடமி தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் பெண்கள் இரண்டே பேர், அதில் இவர் ஒருவர். கதை சின்னது. ஒரு பணக்காரி கொர்னேலியா என்ற ரோமாபுரித் தாயின் வீட்டுக்கு வந்து தன் நகைகளை எடுத்துக் காட்டிவிட்டு, உன் நகை எங்கே என்கிறாள். கொர்னேலியா தன் பிள்ளைகளைக் காட்டி, இவர்கள்தான் என் நகை என்கிறாள். சிவப்பு உடையில் உட்கார்ந்திருக்கிற விருந்தாளியின் மடியில் நகைகள், நின்றுகொண்டிருக்கிற கொர்னேலியாவின் கை பிள்ளைகள் பக்கம். பின்னால் ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. கல்யாண வீட்டில் எத்தனை பவுன் என்று விசாரிக்கிற ஊரில் இந்தப் படத்தை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

இதற்கு அடியில் இன்னொரு கதையும் ஓடுகிறது. கொர்னேலியா பெற்றது 12 பிள்ளைகள், பெரியவர்களானது மூன்றே பேர், படத்தில் இருப்பதும் அந்த மூவர்தான். மூத்த பையன் திபேரியஸ் கிராக்கஸ் வளர்ந்து, பொது நிலத்தில் ஒருவர் 500 யூகெரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சத்தை நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தான். சுமார் 310 ஏக்கர், நம் கணக்கில் ஏறக்குறைய 47 வேலி. அதற்காகவே கி.மு. 133-இல் அவனை அடித்துக் கொன்றார்கள். அவன் வழியில் போன தம்பி காயஸ் கி.மு. 121-இல் செத்தான். தமிழ்நாட்டில் நில உச்சவரம்பு 1961-இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வந்து, 1970-இல் 15 ஆனது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த தஞ்சை, நாகை, திருவாரூர்க்காரர்கள் அந்த இரண்டு பையன்களின் முகத்தையும் ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பார்கள். என் பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு எழுந்து போய் படத்துக்குப் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

வீட்டுக்கு ஏற்றது என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் அளவு. அசலே 50 அங்குல அகலம், 40 அங்குல உயரம்தான். அதாவது நாலடிக்குக் கொஞ்சம் மேல். சுவர் இடம் கொடுத்தால் அசல் அளவிலேயே அச்சடிக்கலாம், அப்போது ஓவியர் நினைத்த அதே அளவில் முகங்கள் இருக்கும். இடம் குறைவு என்றால் 40-க்கு 32, அதற்கும் குறைவு என்றால் 30-க்கு 24. இந்த 5-க்கு 4 விகிதத்தை மட்டும் மாற்றாதீர்கள். கடையில் "பிரேம் ரெடியா இருக்கு, கொஞ்சம் இழுத்துக்கலாம்" என்பார்கள், ஒத்துக்கொள்ளவே கூடாது. ஓரத்தை வெட்டுவதும் வேண்டாம், இந்த வகை ஓவியத்தில் காலியாக இருக்கிற இடம்கூட அளந்து விட்டதுதான்.

படக் கோப்புக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. இந்திய சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருஷம் கழிந்தால் உரிமை முடிந்துவிடும். காஃப்மன் போனது 1807-இல், டேவிட் 1825-இல். விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். அக்ரிப்பினா படத்தை வைத்திருக்கிற யேல் பல்கலைக்கழக ஓவியக்கூடம் போல, தங்கள் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிற அருங்காட்சியகங்களும் உண்டு. இறக்கியதும் பிக்சல் பாருங்கள். 40 அங்குல அகலத்துக்கு 6000 பிக்சல் இருந்தால் அங்குலத்துக்கு 150 புள்ளி வரும், பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் நன்றாக இருக்கும். 4000 இருந்தாலும் ஆறடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிற கூடத்துக்குப் போதும். அதற்குக் கீழே என்றால் படத்தைச் சின்னதாக்குங்கள், மென்பொருளில் ஊதிப் பெரிதாக்கினால் முகமெல்லாம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். ஒரே ஓவியம் ஒரு கோப்பில் மஞ்சளாகவும் இன்னொன்றில் நீலம் பாய்ந்தும் இருக்கும், அப்போது அருங்காட்சியகம் கொடுத்த கோப்பையே நம்புங்கள். சில கோப்புகளில் இடம் வலம் மாறியும் இருக்கும். ஹொராட்டியர் படத்தில் சகோதரர்கள் வலது பக்கம் நின்றால் அது திருப்பிப் போட்ட படம்.

அச்சுக்கு ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற இடத்துக்குப் போகாதீர்கள். அந்த மெஷின் ரோட்டோரத்தில் இருபதடி தள்ளி நின்று பார்ப்பதற்கானது, பளபளப்பும் வேறு இருக்கும். கேன்வாஸ் துணியில், பிக்மென்ட் இங்க்கில், மேட் ஃபினிஷில் கேளுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் நல்ல போட்டோ லேப்கள் செய்து தருகின்றன. முழுப் படத்தையும் அடிக்கச் சொல்வதற்கு முன்னால் கொர்னேலியாவின் முகமும் அந்தச் சிவப்பு உடையும் வருகிற மாதிரி ஒரு ஏ4 துண்டு அடித்து வாங்கி, வீட்டுக்கு எடுத்து வந்து, மாட்டப் போகிற சுவரில் ஒட்டி, பகலில் ஒருமுறை, ராத்திரி விளக்கில் ஒருமுறை பாருங்கள். கம்ப்யூட்டர் திரையில் தெரிவதைவிட அச்சு எப்போதும் கொஞ்சம் இருட்டாகத்தான் வரும், இந்த ஓவியங்களின் பின்னணி ஏற்கெனவே கறுப்பு, ஆக வெளிச்சத்தை ஒரு படி கூட்டச் சொல்ல வேண்டியிருக்கும். சுற்றிலும் இரண்டரை அங்குலம் வெள்ளைத் துணி விடச் சொல்லுங்கள், மடித்து அடிப்பதற்கு அது வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் கையாலேயே நகல் எழுதி வாங்க ஆசை என்றால், கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, அங்கே படித்து வந்தவர்களில் உருவம் நன்றாக எழுதுகிறவர்களை விசாரியுங்கள். அவசரப்படுத்தாமல் ஆறு மாதம் கொடுங்கள்.

பிரேம் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தடவை பேப்பரில் அச்சடித்து, சாமி படம் போடுகிற ஒரு கடையில் கொடுத்தேன். அவர் வழக்கம் போல படத்தின் மேல் நேராகக் கண்ணாடியை வைத்து, பின்னால் அட்டை அடித்து, ஓரத்தில் டேப் ஒட்டிக் கொடுத்தார். ஐப்பசி அடைமழை ஒன்றுதான் தாங்கியது. காற்றில் இருந்த ஈரம் உள்ளே போய், படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது ஒரு பையனின் முகம் கண்ணாடியோடு போய்விட்டது. பின் அட்டை முழுக்கப் பூஞ்சை, மூலையில் இராமபாணப் பூச்சி. நம் டெல்டாவில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை காற்றே ஈரம்தான். நாகப்பட்டினம், தரங்கம்பாடிப் பக்கம் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். அதனால் கேன்வாஸ் போடுங்கள், கண்ணாடி வேண்டாம். 40-க்கு 32 படத்துக்கு 4 மி.மீ. கண்ணாடி மட்டுமே 8 கிலோ வரும், அந்தப் பாரமும் மிச்சம். பேப்பர்தான் போடுவேன் என்றால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே கால் அங்குல இடைவெளி விட்டு மவுண்ட் போர்டு வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கேன்வாஸை இழுத்துக் கட்டுகிற உள் சட்டம் நன்றாகக் காய்ந்த மரத்தில் இருக்க வேண்டும். பச்சை மரம் போட்டால் சித்திரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும், மட்டமான மரம் இரண்டு வருஷத்தில் உளுத்து மாவாகக் கொட்டும். பழைய தேக்குக் கதவு, ஜன்னல் விற்கிற இடங்கள் நம் பக்கத்தில் நிறைய, அதிலிருந்து இழைத்து எடுத்த ரீப்பர் ரொம்ப நல்லது, அது திரும்ப வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே திரும்பி முடித்த மரம். மூன்றடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் அவசியம். துணியை அடிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் நடுவிலிருந்து ஆரம்பித்து, எதிர்ப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி மூலைக்குப் போக வேண்டும். மூலையிலிருந்து ஆரம்பித்தால் நடுவில் தொய்வு விழும், அப்புறம் அதை எடுக்கவே முடியாது.

வெளிப் பிரேம் இரண்டு அங்குல அகலத்தில் கறுத்த தேக்கோ மங்கிய பொன்னிறமோ போதும். கடைக்காரர் தஞ்சாவூர்ப் படத்துக்குப் போடுகிற ஜொலிக்கிற பிரேமை எடுத்துக் காட்டுவார். அது அந்தப் படத்துக்கு ரொம்பப் பொருத்தம், உள்ளே தங்க ரேக்கும் கல்லும் இருப்பதால் வெளியே உள்ள பளபளப்பு அதோடு சேர்ந்துவிடும். கொர்னேலியாவுக்கு அதைப் போட்டால் நகை போட்டுக்கொண்டு வந்தவள் பக்கம் பிரேம் பேச ஆரம்பித்துவிடும். பின்பக்கம் அட்டையும் ஹார்டுபோர்டும் வேண்டாம், பி.வி.சி. ஃபோம் போர்டு போட்டு, காற்று போக நாலைந்து சின்ன ஓட்டை விடச் சொல்லுங்கள், பல்லி நுழைகிற அளவுக்கு வேண்டாம்.

சுவரை மழைக்காலத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். பங்குனியில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். ஓதம் இருக்கிறதா என்று தெரிய, ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கம், மழை நேராக அடிக்கிற வெளிச்சுவர், இரண்டுமே வேண்டாம். வீட்டுக்குள் இருக்கிற நடுச்சுவர்தான் நல்லது. முற்றம் வைத்த பழைய வீடு என்றால் வெயில் நேராக விழாத பக்கம் பாருங்கள், சாரலும் எட்டக் கூடாது.

புதுச் சுவருக்கு 8 மி.மீ. டிரில், அதே அளவு பிளக், இரண்டங்குல ஸ்க்ரூ. பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் ஹேமர் போடாமல் மெதுவாகத் துளையுங்கள், பூச்சைத் தாண்டிச் செங்கல் வரைக்கும் போக வேண்டும், மூன்றங்குல ஸ்க்ரூ வேண்டும். துளை பெரிதாகி உதிர்ந்தால் அதையே கட்டிக்கொண்டு அழாமல் இரண்டங்குலம் தள்ளிப் போடுங்கள். எந்தச் சுவராக இருந்தாலும் கொக்கி இரண்டு. ஒற்றைக் கொக்கியில் தொங்கவிட்டால் ஆடிக் காற்றில் தினம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

உயரத்துக்குப் பொதுவாகச் சொல்வது தரையிலிருந்து படத்தின் நடுப்பகுதி 58 அங்குலம். அது நின்று பார்ப்பவர்களுக்கான கணக்கு. நம் வீடுகளில் தாத்தா பாட்டி போட்டோவை உத்திரத்துக்குக் கீழே, முன்பக்கம் சாய்த்து மாட்டுவார்கள். அண்ணாந்து பார்த்து வணங்குகிற படத்துக்கு அது சரி. இந்த ஓவியத்தில் மனிதர்கள் தரையில் நிற்கிறார்கள், அவர்கள் நம் கண்ணுக்கு நேராக இருந்தால்தான் நம் கூடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். ஊஞ்சலில், பாயில் உட்கார்ந்து பேசுகிற வீடு என்றால் 50 அங்குலத்துக்கு இறக்குங்கள். நான் 52-இல் வைத்திருக்கிறேன். ஊஞ்சல் வீசி ஆடினாலும் இடிக்காத தூரம் இருக்கிறதா என்று குழந்தையை உட்கார வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் தருகிற எல்.இ.டி., சி.ஆர்.ஐ. (நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்று சொல்கிற அளவு) 90-க்கு மேல். டப்பாவில் போட்டிருக்கும், இல்லாததை வாங்காதீர்கள், அந்தச் சிவப்பு செங்கல் பொடி மாதிரி தெரியும். மேலேயிருந்து 30 டிகிரி சாய்வில் விழட்டும். ஓவியத்துக்குள் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் பாருங்கள். ஹொராட்டியர் படத்தில் இடது பக்கத்திலிருந்து வருகிறது, ஜன்னலும் இடது பக்கம் இருக்கிற சுவரில் மாட்டினால் வீட்டு வெளிச்சமே படத்துக்குள் போகிற மாதிரி ஆகிவிடும். பூஜை அலமாரிக்கு மேலேயோ பக்கத்திலோ வைக்க வேண்டாம், விளக்குப் புகையும் சாம்பிராணியும் இரண்டே வருஷத்தில் வெள்ளைத் துணியைப் பழுப்பாக்கிவிடும்.

பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் அரை அங்குல ரப்பர் புஷ் ஒட்டுங்கள், சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். ஈரத் துணி போட்டுத் துடைக்கவே கூடாது, மாதம் ஒருமுறை மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டால் போதும். வருஷத்தில் இரண்டு தடவை, மழைக்கு முன்னால் புரட்டாசிக் கடைசியிலும் மழை விட்ட பிறகு பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற சமயத்திலும், இறக்கி நிழலில் சாய்த்து வைத்து, பின்பக்கம் பூஞ்சை, கரையான் மண், பல்லி முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துணி முடிச்சில் இரண்டு பாச்சை உருண்டை போட்டு உள் சட்டத்தில் கட்டிவிடுங்கள், கேன்வாஸ் மேல் படக் கூடாது. மாட்டுவதற்கு முன்னால் கொக்கியைக் கையால் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள், ஆடினால் அன்றைக்கே பிளக்கை மாற்றிவிட்டு அப்புறம் மாட்டுங்கள்.